சேர்த்து வைத்த வெடியோசை

எங்கள் தறித் தெருவில் வெடிகள் ஓசையில்லாமல் வெடித்த முதல் தீபாவளியன்று, ஆளாளுக்குத் தங்கள் காதுதான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்ததை ஒருவரும் இன்னொருவரிடம் சொல்லவில்லை. வருடம் முழுவதும் இரவும் பகலும் விசைத்தறி ஓடுகிற தெரு இது. தீபாவளிக்கு நான்கு நாள் மட்டும்தான் தறிகள் நிற்கும், அந்த நான்கு நாளும் காதுக்குள் தறி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே சரத்தில் நெருப்பு ஓடி, காகிதம் சிதறி, புகை எழும்பி, சத்தம் மட்டும் வராமல் போனபோது, என்றைக்காவது வருமென்று பயந்துகொண்டிருந்தது இன்றைக்கு வந்துவிட்டது என்று எண்ணி, முகத்தை மாற்றாமல், வெடிக்கு ஏற்றபடி திடுக்கிட்டு, காதைப் பொத்தி, சிரித்து வைத்தார்கள். தறியின் ஓட்டம் பிசகினால் அது முதலில் காதில்தான் தெரியும். காது போனவருக்கு நான்கு தறி தரமாட்டார்கள், இரண்டுதான். அர்த்தநாரிக்கு அப்படித்தான் ஆயிற்று, அவர் வீட்டில் பாதிக் கூலி ஆயிற்று, அதைத் தெருவே பார்த்திருந்தது.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் காது டாக்டரின் அறை வாசலில் எங்கள் தெருவே வரிசையில் நின்றது. "நீ எதுக்குடி வந்தே?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டதற்கு "பல் வலி" என்றாள் லோகாம்பாள், காது டாக்டரின் வாசலில் நின்றுகொண்டு. டாக்டர் எல்லோர் காதிலும் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கைத் தவிர ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் ஒரே சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார்.

விஷயம் விளங்கியது மார்கழி கடைசித் திங்கட்கிழமை. தீபாவளிக்கு வாங்கிய கடனின் பத்தாவது தவணையை லோகாம்பாள் தண்டல்காரர் குழந்தைவேலின் கையில் வைத்தாள். அவர் அதைப் பைக்குள் போடுவதற்குள், அவள் வீட்டு வாசலில், நெருப்பும் இல்லாமல் புகையும் இல்லாமல், பத்து வாரத்துக்கு முன்னால் அவள் கொளுத்திய அத்தனை சரமும் அத்தனை அணுகுண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓசையாக வெடித்துத் தீர்ந்தன. குழந்தைவேல் வண்டியோடு சாய்ந்தார். லோகாம்பாள் வாயைத் திறந்தபடி நின்றாள், பயத்தினால் அல்ல. தீபாவளியன்று ருசியே இல்லாமல் பஞ்சைத் தின்பது போலத் தின்ற கச்சாயப் பலகாரத்தின் வெல்லமும் நெய்யும் ஏலமும் அவள் நாக்கில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன.

அதன்பிறகு யாரும் ஆச்சரியப்படவில்லை. கடன் வாங்கிச் செய்த பண்டிகையின் ஓசையும் ருசியும் கடன் தீருகிற அன்றைக்குத்தான் வரும் என்பது, ரேஷன் கடையில் பருப்பு இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும் என்பது போல, தெருவுக்குத் தெரிந்த விவரங்களில் ஒன்றாக ஆயிற்று. மார்கழித் திங்கட்கிழமைகளில் தெருமுனைப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் வாய்ப்பாட்டை நிறுத்தி, வெடி ஓய்ந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். நாய்கள் கிழமையைக் கற்றுக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தன. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பெண்ணொருத்தி திடீரென்று கண்ணை மூடி உதட்டை நக்கினால், பக்கத்தில் நிற்கிறவள் "தீர்ந்துருச்சாட்ட இருக்குது" என்று சிரித்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள், தரகரிடம், "தீபாவளிக்கு அவங்கூட்டு வெடி கேட்டுதா?" என்று விசாரித்தார்கள். நானும் ஒரு வருடம் கடன் வாங்கினேன். அந்த வருடத்து மைசூர்பாகு ஒரு துக்க வீட்டில், நான் அழுதுகொண்டிருந்தபோது, வாயில் வந்தது.

ஒன்றை மட்டும் யாரும் செய்யவில்லை. வாங்குவதை நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவார்கள்? போனஸ் பேச்சுவார்த்தை ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால்தான் முடியும், முடிந்து பாதி இப்போது, பாதி பொங்கல் கழித்து என்பார்கள், கையில் வருகிற பாதி மளிகைக் கடைப் பாக்கிக்குச் சரியாகப் போகும். குழந்தைவேலின் வண்டி மட்டும் ஐப்பசி பிறந்ததுமே தெருவில் நிற்கும். பத்தாயிரம் என்றால் ஆயிரத்து ஐந்நூறு முதலிலேயே பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு தருவார். பத்துத் திங்கட்கிழமை, ஆயிரம் ஆயிரமாக வாங்கிக்கொள்வார். தவணை நின்றால் வாரத்துக்கு ஐம்பது அபராதம். வெடி ஓசை வர ஆரம்பித்த பிறகு கடைசித் தவணைக்கு அவர் கையெழுத்தும் போடுவதில்லை; காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார், ஓய்ந்ததும், "கணக்குத் தீர்ந்துதுங்க்கா" என்பார், நாக்கில் இனிப்பு இருக்கும்போதே, "அடுத்து எவ்வளவுங்க்கா?" என்று கேட்பார். வாயில் வெல்லத்தை வைத்துக்கொண்டு யாரால் இல்லை என்று சொல்ல முடியும்?

அர்த்தநாரியின் மனைவி துளசிமணி இந்தத் தெருவுக்கே தோன்றாத ஒன்றைச் செய்தாள். கார்த்திகை மாதத்தில் அவள் மகள் மோகனப்பிரியாவை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்து பார்த்து, பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஆவணியில் கல்யாணம் என்றால் ஐப்பசியில் தலை தீபாவளி. மாப்பிள்ளை வந்து நிற்கையில் வாசலில் வெடி ஊமையாக வெடித்தால், மகள் ஆயுசுக்கும் பேச்சுக் கேட்க வேண்டி வரும். ஆகவே முந்தின தீபாவளிக் கடனில் ஒன்பது தவணையைக் கட்டிவிட்டுப் பத்தாவதைக் கட்டாமல் நிறுத்திக்கொண்டாள். திங்கட்கிழமைதோறும் ஐம்பது ரூபாய் அபராதம் கட்டி, போன வருடத்து வெடியோசையை அப்படியே வைத்திருந்தாள். தலை தீபாவளியன்று காலையில், இந்த வருடத்து வெடியை அர்த்தநாரி கொளுத்துகிற அந்த நேரத்தில் அந்த ஆயிரத்தைக் கட்டினால், இந்த வருடத்து நெருப்புக்குப் போன வருடத்துச் சத்தம் வந்து சேர்ந்துகொள்ளும்.

இதை அவள் என்னிடம் சொன்னது புரட்டாசி கடைசியில். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"அம்பது அம்பதா எத்தனை வாரம் கட்டியிருக்கறே துளசி?"

"தீபாவளி வந்தா நாப்பத்தி ரெண்டு ஆகுதுங்க்கா."

"ரெண்டாயிரத்து நூறு ரூபா. அதுக்கு ரொக்கத்துக்கே வெடி வாங்கியிருக்கலாமே. கொளுத்தக் கொளுத்தக் கேட்டிருக்குமே."

"ரெண்டாயிரம் எங்கக்கா ஒண்ணா இருந்துச்சு?" என்றாள் அவள். "அம்பதுதான் இருந்துச்சு."

முப்பத்தொரு வருடம் தபால் ஆபீசில் சேமிப்புப் புத்தகம் எழுதினேன். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நூறு நூறாகப் போடச் சொல்லி இந்தத் தெருவையே நச்சரித்தவள் நான்.  குரலை உயர்த்தினேன்.

"சரி, வெடியை ஏமாத்திருவே. வேட்டி சட்டை, சீலை, கறி, பலகாரம்?"

"கொழந்தவேலுகிட்ட இருபது கேட்டிருக்கறேன். பதினேழு வரும்."

"அப்பக் கச்சாயம் ருசிக்காது. கறி ருசிக்காது. மாப்பிள்ளை நாக்கை எப்படி ஏமாத்துவே?"

"மாப்ள மரியாதைக்காரருங்க. வாயத் தொறக்க மாட்டாரு."

"அவங்க வீட்டுல ஏதாச்சும் கேட்டாங்களா?"

"கேக்கலீங்க்கா. கேக்காததுதான் பயமா இருக்குது." பிறகு, என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் இறங்கி, "ருசி பத்து வாரத்துல வந்துருமுங்க்கா. பேச்சு வந்துட்டாப் போகாது" என்றாள்.

தலை தீபாவளியன்று விடிந்ததும் தெருவே வாசலில் நின்றது. எல்லோருக்கும் திட்டம் தெரியும், மாப்பிள்ளை சபரிநாதனைத் தவிர. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற, ஒல்லியான, அதிகம் பேசாத பையன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி வழுக்கி வழுக்கி விழ, மோகனாவின் பக்கத்தில் நின்றான். துளசிமணி கெஞ்சிக் கேட்டதற்காகக் குழந்தைவேல் பண்டிகை நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நின்றார். அர்த்தநாரி ஊதுவத்தியோடு சரத்தின் முன்னால் குந்தியிருந்தார். தறி ஓட்டுகிறவர்கள் சத்தத்துக்கு நடுவே கையால்தான் பேசிக்கொள்வார்கள். துளசிமணி விரலைச் சுழற்றி "ஓட்டு" என்று காட்டினாள், அவர் திரியைத் தொட்டார், அவள் ஆயிரத்தைக் குழந்தைவேலின் கையில் வைத்தாள்.

கொஞ்சம் முந்திவிட்டாள். ஓசை நெருப்பைவிட வேகமாக வந்தது. போன வருடத்துச் சரம் சிறியது, இந்த வருடத்துச் சரம் பெரியது. நெருப்பு பாதி தூரம் போனபோதே சத்தம் முழுவதும் தீர்ந்துவிட்டது, மீதிப் பாதி, பட்டப் பகலில், ஒரு சொல்லும் சொல்லாமல் சிதறி அடங்கியது. அர்த்தநாரிக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டு கையையும் தூக்கி ஆடினார். நாங்கள் எல்லோரும் அந்தப் பாதியை மறைக்க ஓவென்று கத்திக் கைதட்டினோம். சபரிநாதன் அந்த ஊமைப் பாதியைப் பார்த்தான். பிறகு மரத்தடியில் பணத்தை எண்ணிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டினான்.

உள்ளே கச்சாயத் தட்டு வந்தது. துளசிமணியின் நாக்கிலும் அர்த்தநாரியின் நாக்கிலும் மோகனாவின் நாக்கிலும் போன வருடத்துக் கச்சாயத்தின் இனிப்பு அப்போதுதான் வந்திருந்தது, ஏனென்றால் போன வருடம் அதைத் தின்றவர்கள் அவர்கள். மாப்பிள்ளை போன வருடம் இந்த வீட்டில் இல்லை. ஒரு குடும்பமே இனித்துக்கொண்டு நிற்க, அவன் மட்டும் பஞ்சைக் கடித்து மென்றான்.

"நல்லா இருக்குதுல்ல?" என்றாள் மோகனா, வாய் ஊற.

"இருக்குது" என்றான். ஐந்து தின்றான்.

பத்துத் திங்கட்கிழமை போனது. இரண்டாயிரம் இரண்டாயிரமாகப் போனது. வாரத்தில் இரண்டு நாள் அந்த வீட்டில் மதியத்துக்கு அடுப்பு எரியவில்லை. நான் கொடுத்த குழம்பைத் துளசிமணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள். பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது கடைசித் தவணை கட்டினாள். ஊமையாகப் போன வெடியெல்லாம் வாசலில் வெடித்தது, குழந்தைவேல் காதிலிருந்து விரலை எடுத்தார், நோட்டைத் திறந்தார்.

"தலைப் பொங்கலாச்சே. பொங்கச் சீருக்கு எவ்வளவுங்க்கா? பித்தளப் பானையே மூவாயிரம் ஆகுது. உங்களுது நாணயமான கை, இருவத்தஞ்சு வரைக்கும் தரலாமுங்."

துளசிமணி நாக்கில் கச்சாயத்தோடு நின்றாள். சரி என்று சொல்ல அவள் வாய் திறந்ததை எதிர்வீட்டிலிருந்து நான் பார்த்தேன். அப்போதுதான் அவள் கைபேசி அடித்தது.

"அத்தை, சபரிங்க. கம்பெனியில இருக்கறேன். இப்பத்தான் வந்துச்சு."

"என்ன வந்துச்சு மாப்ள?"

"கச்சாயம்." பின்னால் இயந்திரங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. "வெல்லம் கொஞ்சம் தூக்கலுங் அத்தை."

அவள் கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள். குழந்தைவேலைப் பார்த்து, நூல் அறுந்தால் தறிக்காரர்கள் காட்டுகிற சைகையைக் காட்டினாள், விரலை மடக்காமல், உள்ளங்கையைத் தட்டையாக நீட்டி, "நிறுத்து" என்று. அவருக்கு அது புரியவில்லை. வாயாலும் சொன்னாள்: "வேண்டாமுங்."

பிறகு என்னிடம் வந்து, "தெரிஞ்சேதான் அஞ்சு தின்னிருக்கறாருங்க்கா" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் பதினோரு வீட்டில் பொங்கலுக்குக் கடன் வாங்கினார்கள். நான் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்திப் பார்த்தேன். "நீங்க உள்ள வந்து காப்பி குடிங்க்கா" என்றார்கள்.

துளசிமணியும் அர்த்தநாரியும் ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு படி பச்சரிசி, ஒரு கிலோ வெல்லம், இரண்டு கரும்பு, இவ்வளவோடு பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். இவ்வளவும் ரொக்கம். அங்கே சம்பந்தி நாகரத்தினம், மகனை ஒற்றை ஆளாக வளர்த்த கறாரான மனுஷி, பையை எட்டிப் பார்த்தாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, கை கழுவச் சொன்னாள். இலையைப் பார்த்ததும் துளசிமணிக்குக் கால் கூசியது: சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், மூன்று பொரியல், இரண்டு வடை, முந்திரி போட்ட பாயசம். பாவி மனுஷி, இவ்வளவு செய்திருக்கிறாள், நான் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

பஞ்சு.

வெண்பொங்கலைத் தொட்டாள். பஞ்சு. பாயசம், வெந்நீர்.

"நல்லா இருக்குதுங்க சம்பந்தி" என்றாள்.

"உங்கூட்டுக் கச்சாயத்தாட்ட வருமுங்களா?" என்றாள் நாகரத்தினம்.

அர்த்தநாரிக்குக் காதுதான் இல்லை, நாக்கு இருந்தது. குரலும் இருந்தது, முப்பது வருடம் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். "ஏம்புள்ள! இதுலயும் ஒண்ணையுங் காணமே! நம்மூட்டுதாட்டவே இருக்குது!" என்று அவர் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னது அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டுக்குக் கேட்டது.

கரண்டி கீழே விழுந்தது. "ஆமாங்க, வாங்கித்தான் செஞ்சேன்!" என்றாள் நாகரத்தினம். "தலைப் பொங்கலு, பித்தளப் பானையும் பட்டுமாச் சீரு கொண்டாருவீங்க, ஈடா எலை போடோணுமேன்னு இருபதாயிரம் வாங்கினேன். நீங்க என்னடான்னா பழத்தோட வந்து உக்காந்திருக்கறீங்க."

"வெறும் பழத்தோட வாறோமுன்னு தெரிஞ்சிருந்தா?"

"வெறுஞ்சோறு போட்டிருப்பேனே! ரசம் வெச்சிருப்பேனே! ருசியா இருந்திருக்குமே!"

"ஒரு போனு பண்ணியிருக்கலாமுங்களே."

"நீங்க பண்ணுனீங்களா?"

 சபரிநாதன் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மோகனாதான் அடுக்களை வாசலில் நின்று, அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாகச் சத்தமாகப் பேசினாள்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. பொங்கலுக்குச் சண்டை போட வந்துட்டீங்க. எங்க கல்யாணத்துக் கெட்டிமேளமே இன்னும் வர்ல. மண்டபத்துக்கும் மேளத்துக்கும் சாப்பாட்டுக்கும் அத்தை வாங்கின கடன் பங்குனி வரைக்கும் ஓடுது. அதுக்குத்தான் நானும் கம்பெனிக்குப் போயி ஓவர்டைம் பாக்கறேன்."

துளசிமணி எச்சில் கையோடு அப்படியே இருந்தாள். "எனக்குக் காது போச்சுன்னுல்ல நெனச்சேன், சாமி" என்றாள். "உன் கழுத்தப் பாத்து அழுதுட்டு இருந்தேன். மேளம் கேக்கல. சரி, உங்கப்பனாட்ட எனக்கும் போச்சு, இன்னிக்குப் போயி போச்சேன்னு அதுக்கும் சேத்தி அழுதேன்."

அந்த மண்டபத்தில் நாங்களும் இருந்தோம். நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பியதையும் தவில்காரரின் கை பறந்ததையும், ஒன்றும் கேட்காததையும் தெருவே பார்த்தது. நல்ல காரியத்தில் அதைச் சொல்லக்கூடாது என்று எல்லோரும் அட்சதையைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். சாப்பாட்டையும் நல்லா இருந்தது என்றுதான் சொன்னோம். நான் மூன்று பேரிடம் சொன்னேன்.

அன்று நாகரத்தினம் இலைகளை எடுக்கவில்லை. துளசிமணி கொண்டுபோன அரிசியையும் வெல்லத்தையும் வாங்கி அடுப்பில் வைத்தாள். முந்திரி இல்லை, நெய் இல்லை. குழைந்துபோய், அடிப்பிடித்து, இரண்டு கைப்பிடிதான் ஒவ்வொருவருக்கும் வந்தது. எல்லோரும் வழித்துத் தின்றார்கள். அடிப்பிடித்தது கூட ருசித்தது என்று துளசிமணி சொன்னாள்.

பங்குனி இரண்டாம் திங்கட்கிழமை, முகூர்த்தமும் இல்லாத, லீவும் இல்லாத ஒரு வேலை நாள், நாங்கள் பத்துப் பேர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு அந்தக் கல்யாண மண்டபத்தின் முன்னால் போய் நின்றோம். மண்டபம் பூட்டியிருந்தது. அக்கரையிலும் தண்டல் குழந்தைவேலுடையதுதான். அவர் வண்டியை நிழலில் நிறுத்தினார், சபரிநாதன் கடைசித் தவணையைக் கொடுத்தான், அவர் எச்சில் தொட்டு எண்ணினார்.

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து மேளம் எழுந்தது. ஏழு மாதம் உள்ளேயே அடைந்து கிடந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. தவில் உருண்டு உருண்டு மேலேற, நாதஸ்வரம் அதன்மேல் ஏறி நின்று கூவ, சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்றார்கள், எங்கள் கைகள் தாமாக உயர்ந்து, இல்லாத அட்சதையைத் தூவின. எங்கள் கைகளைப் பார்த்து அர்த்தநாரியும் தூவினார். மோகனா தாலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். துளசிமணி இந்தமுறை அழவில்லை, அழுதால் கேட்காது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

மேளம் ஓய்ந்தது. எல்லோர் வாயிலும் ஆவணி மாதத்துச் சாம்பாரும் பாயசமும் வந்திருந்தன. குழந்தைவேல் காதிலிருந்து விரலை எடுத்து நோட்டைத் திறந்து, அடுத்து என்று கேட்பதற்காகத் தலையைத் தூக்கினார். அவர் கண் மோகனாவின் பக்கம் திரும்பியது. அவளுக்கு ஐந்தாம் மாதம், இன்னும் இரண்டு மாதத்தில் வளைகாப்பு.

துளசிமணியும் நாகரத்தினமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு அடி நகர்ந்து, தோளோடு தோள் இடிக்க, முந்தானையை விரித்து, அந்த வயிற்றை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.